திரைக்கு ஒரு படம், கோப்புக்கு ஒரு படம்



கணித மென்பொருள் ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டுவதும் அதையே கோப்பாகச் சேமிப்பதும் தனித்தனி வேலைகள். நினைவகத்தில் இருப்பது படமே கிடையாது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு, என்ன நிறம், அச்சுகளின் எல்லை எதுவரை, தலைப்பில் என்ன எழுத வேண்டும் என்ற விவரப் பட்டியல்தான் அங்கே இருக்கிறது. அந்தப் பட்டியலைப் படித்துத் திரைச் சாளரத்துக்கு ஒருமுறை வரையப்படுகிறது. சேமிக்கச் சொன்னால் அதே பட்டியலிலிருந்து மறுபடியும், முதலிலிருந்து, கோப்புக்கு வரையப்படுகிறது. இரண்டாம் முறை வரையும் நிரல்பகுதி வேறாக இருக்கலாம். பரப்பின் அளவும் எழுத்துருவும்கூட மாறலாம். திரையில் ஒழுங்காக இருந்த குறிவிளக்கப் பெட்டி கோப்பில் கோட்டின் மேல் போய் உட்காருவதும், அச்சின் பெயர் பாதியில் வெட்டுப்படுவதும், வெறும் வெள்ளைத் தாள் சேமிக்கப்படுவதும் இதனால்தான். காரணம் பிடிபடாதபோது பலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆய்வேட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அச்சில் அந்தப் பக்கம் மட்டும் தனியாக மங்கித் தெரியும்.

இந்த இரட்டை ஏற்பாட்டைத் தன் அமைப்பிலேயே வெளிப்படையாக வைத்திருப்பது மாட்பிளாட்லிப். பைத்தானில் வரைபடம் போடும் இந்த நூலகத்தை எழுதத் தொடங்கியவர் ஜான் ஹன்டர், நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைத் திரையில் பார்க்க மேட்லேப் போன்ற ஒரு கருவி பைத்தானிலேயே அவருக்குத் தேவைப்பட்டது. முதல் பதிப்பு 2003இல் வந்தது. 2012இல் ஹன்டர் காலமானார். நூலகத்தைத் தன்னார்வலர் குழு தொடர்ந்து பேணிவருகிறது.

மாட்பிளாட்லிப்பில் வரையும் பொறுப்பு 'பேக்எண்ட்' எனப்படும் பகுதிகளிடம் இருக்கிறது. அவற்றில் இரண்டு வகை உண்டு. க்யூடி, டிகே போன்றவை சாளரம் திறப்பவை. பெரிதாக்க, நகர்த்த, சேமிக்கப் பொத்தான்கள் தருபவை. ஆக், பிடிஎஃப், எஸ்விஜி, பிஎஸ் ஆகியவை சாளரம் இல்லாமல் கோப்பு மட்டும் எழுதுபவை. ஆக் பிக்சல் பிக்சலாக நிரப்பும். பெரும்பாலான சாளர பேக்எண்டுகள் ஆக் வரைந்ததைத்தான் வாங்கிக் காட்டுகின்றன. பிடிஎஃப், எஸ்விஜி பேக்எண்டுகள் பிக்சலைத் தொடுவதே இல்லை. 'இங்கிருந்து அங்கே கோடு இழு' என்ற கட்டளைகளைக் கோப்பில் எழுதிவைக்கின்றன. சேமிக்கும்போது கோப்புப் பெயரின் பின்னொட்டைப் பார்த்து உரிய பேக்எண்ட் தானாகவே அழைக்கப்படும். ஆகவே பிஎன்ஜி கோப்பு திரையில் கண்டதற்கு நெருங்கிய உறவு. பிடிஎஃப் கோப்பு வேறு கையால் வரையப்பட்டது.

வெள்ளைத் தாள் சேமிக்கப்படும் தொல்லையை முதலில் தீர்த்துவிடலாம். சாதாரண ஸ்கிரிப்டில் 'ஷோ' என்ற கட்டளை சாளரத்தைத் திறந்துவிட்டு, பயனர் அதை மூடும்வரை நிரலை அங்கேயே நிறுத்திவைக்கும். மூடியதும் அந்தப் படம், மாட்பிளாட்லிப்பின் கட்டளைப் பகுதியான பைப்ளாட்டின் கணக்கிலிருந்து நீங்கிவிடும். அடுத்த வரியில் 'சேவ்ஃபிக்' இருந்தால், நடப்புப் படம் என்று ஒன்று இல்லாததால் பைப்ளாட் புதிதாக ஒரு காலிப் படத்தை உருவாக்கி அதைச் சேமித்துவைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது; கேட்டதை அது செய்துவிட்டது. சேமிப்பு வரியை ஷோவுக்கு முன்னால் கொண்டுபோவது கைவசமுள்ள தீர்வு. அதைவிட நல்லது, படத்தை உருவாக்கும்போதே ஒரு மாறியில் பிடித்துவைத்துக்கொண்டு, சேமிக்கும் கட்டளையை அந்த மாறியிடமே கொடுப்பது. 'நடப்புப் படம் எது' என்ற கேள்வியே அப்போது எழாது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு படங்களோடு வேலை செய்பவர் வேறு எந்த வழியையும் நம்ப வேண்டாம்.

ஜூபிடர் ஏடுகளில் இதே தொல்லை வேறு உருவத்தில் வருகிறது. அங்கே வழக்கமான 'இன்லைன்' முறையில், ஒரு கட்டம் ஓடி முடிந்தவுடன் திறந்திருக்கும் படங்கள் எல்லாம் கட்டத்தின் கீழே காட்டப்பட்டு உடனே மூடப்படுகின்றன. அடுத்த கட்டத்தில் பைப்ளாட் வழியே சேமிக்கச் சொன்னால் கிடைப்பது வெள்ளைத் தாள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. இன்லைன் முறை படத்தைக் காட்டுமுன் ஓரத்து வெற்றிடத்தைத் தானே வெட்டிச் சரிசெய்துவிடும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். சேவ்ஃபிக் சொல்லாமல் அதைச் செய்யாது. ஏட்டில் முழுதாகத் தெரிந்த அச்சுப் பெயர் கோப்பில் அரைகுறையாக வருவது இதனால்.

மற்ற மென்பொருள்களும் இதே பிரச்சினையை வெவ்வேறு விதமாகக் கையாண்டிருக்கின்றன. ஆர் மொழியில் 'சாதனம்' என்ற கருத்து இருக்கிறது. பிடிஎஃப் சாதனத்தைத் திறந்தால், அதன்பின் வரையப்படும் எல்லாம் திரைக்கு வராமல் நேரே கோப்புக்குள் போகும். 'டெவ் ஆஃப்' என்று சொல்லிச் சாதனத்தை மூடினால்தான் கோப்பு முழுமையாகும். மூட மறந்தவர் கோப்பைத் திறக்க முயன்று, கெட்டுப்போன கோப்பு என்ற செய்தியைப் பார்ப்பார். ஆர் ஸ்கிரிப்டைத் திரை இல்லாமல் முனையத்திலிருந்து ஓட்டும்போது சாதனம் எதையும் திறக்காமல் வரைந்தால், 'ஆர்பிளாட்ஸ்' என்ற பெயரில் ஒரு பிடிஎஃப் அந்தக் கோப்புறையில் தானாக முளைக்கும். பல ஆய்வகக் கணினிகளில் யாரும் கேட்காத அந்தக் கோப்பு கிடப்பதற்கு இதுவே காரணம்.

ஆரின் ஜிஜிபிளாட்2 தொகுப்பில் வரைபடம் ஒரு பொருள். முனையத்தில் அதன் பெயரைத் தட்டினால் படம் வரும். அதே வரியை ஒரு சுழலுக்குள்ளோ சார்புக்குள்ளோ வைத்தால் வராது. அங்கே 'பிரிண்ட்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சேமிக்க 'ஜிஜிசேவ்' இருக்கிறது. அளவு சொல்லாவிட்டால் அப்போது திறந்திருக்கும் சாதனத்தின் அளவை எடுத்துக்கொள்ளும். ஆர்ஸ்டுடியோவில் படப் பலகத்தைச் சுட்டியால் இழுத்துப் பெரிதாக்கிவிட்டு அதே வரியை மறுபடி ஓட்டினால் வேறு அளவில் கோப்பு கிடைக்கும். அகலம், உயரம் இரண்டையும் எண்ணாக எழுதிவிடுவது ஒரு நிமிட வேலை. எழுதாமல் விட்டால் மூன்றாம் அத்தியாயத்தின் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும்.

மேத்தமேட்டிகாவின் கதை இந்த விஷயத்தில் சுவையானது. 2007இல் வந்த ஆறாம் பதிப்புக்கு முன்புவரை, வரையும் கட்டளை படத்தைப் பக்கவிளைவாகத் திரையில் காட்டிவிடும். காட்டாமல் வைத்துக்கொள்ள விரும்புபவர் அதற்கென்று ஒரு விருப்பத்தேர்வைக் கொடுத்து அடக்க வேண்டும். ஆறாம் பதிப்பிலிருந்து படமும் மற்ற விடைகளைப் போல ஒரு விடையாகிவிட்டது. வரியின் கடைசியில் அரைப்புள்ளி இட்டால் படம் திரைக்கு வராது, மாறியில் மட்டும் இருக்கும். பழைய பாடநூலைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவர் அரைப்புள்ளியையும் சேர்த்துத் தட்டிவிட்டுப் படம் ஏன் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பது இன்றும் நடக்கக்கூடியது. மேப்பிளில் இந்த வேலையை முக்காற்புள்ளி செய்கிறது. அங்கே சார்புக்குள் வரையப்படும் படங்களில் கடைசியாகத் திருப்பப்படுவது மட்டுமே தெரியும். இடையில் உள்ளவற்றுக்கு அச்சிடும் கட்டளை தேவை. 'பிளாட்செட்டப்' கொண்டு வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியவர், வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தடுத்த படங்களும் திரைக்கு வராமல் கோப்புக்கே போய்க்கொண்டிருக்கும்.

க்னுபிளாட் 1986இல் பிறந்த மென்பொருள். சாதனத்தை அது 'டெர்மினல்' என்கிறது. முதலில் டெர்மினல், பிறகு வெளியீட்டுக் கோப்பின் பெயர், பிறகு வரையும் கட்டளை, கடைசியில் வெளியீட்டை மூடுதல் என்ற வரிசை மாறக் கூடாது. திரையில் பார்த்துத் திருப்திப்பட்ட படத்தைக் கோப்பாக்க, டெர்மினலை மாற்றிவிட்டு மறுபடி வரையச் சொல்ல வேண்டும். இரண்டு முறை வரையப்படுகிறது என்ற உண்மையைப் பயனரிடம் மறைக்காத மென்பொருள் இது. சேஜ்மேத்தில் வேலை எளிது: படங்கள் எல்லாம் பொருள்கள், கூட்டல் குறி போட்டால் இரண்டு படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும், 'ஷோ' காட்டும், 'சேவ்' சேமிக்கும். இருபரிமாணப் படங்களுக்கு அதன் அடியில் ஓடுவது மாட்பிளாட்லிப்தான். அதனால் அளவு, டிபிஐ பற்றிக் கீழே வருவதெல்லாம் சேஜுக்கும் பொருந்தும்.

திரையே இல்லாத இயந்திரங்களில் வேறொரு தொல்லை. பல்கலைக்கழகத்தின் உயர்திறன் கணினிக்கு எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்து, இரவு முழுவதும் ஓடும் கணக்கீட்டின் முடிவில் படம் போடச் சொன்ன நிரல், விடியும் நேரத்தில் 'திரையோடு இணைய முடியவில்லை' என்று சொல்லி நின்றுவிடும். மாட்பிளாட்லிப் 2018இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து திரை இல்லாததைத் தானே கண்டுபிடித்து ஆக்குக்கு மாறிக்கொள்கிறது. என்றாலும் நிரலின் தொடக்கத்திலோ சூழல் மாறியிலோ ஆக் என்று குறிப்பிட்டுவிடுவது பாதுகாப்பு. மேட்லேப்பில் திரையில்லா நிலையில் தொடங்க ஒரு கட்டளை வரித் தேர்வு இருக்கிறது. எந்த மென்பொருளானாலும் கணக்கீட்டின் எண்களை முதலில் கோப்பில் எழுதிவிட்டு, படத்தைத் தனி ஸ்கிரிப்டில் வரைவதே இதற்கு முழுமையான மருந்து. படம் தோற்றாலும் கணக்கு மிஞ்சும். கோட்டின் நிறத்தை மாற்ற மறுபடி ஓர் இரவு காத்திருக்கவும் வேண்டாம்.

இனி அளவு. மாணவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான், ஆகவே நிதானமாகப் பார்ப்பது நல்லது. மாட்பிளாட்லிப்பில் படத்தின் அளவு அங்குலத்தில் சொல்லப்படுகிறது; எழுத்தின் அளவும் கோட்டின் தடிமனும் புள்ளி என்ற அச்சக அலகில், அதாவது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கில். டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு மட்டும். 2017இல் வந்த 2.0 பதிப்பு முதல் இயல்பான அளவு 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம், 100 டிபிஐ. பெருக்கினால் 640க்கு 480 பிக்சல். ஏ4 தாளில் ஆறு அங்குல அகலத்துக்கு இதை விரித்தால் அங்குலத்துக்கு 107 பிக்சல்தான் தேறும். கோடுகள் படிக்கட்டாகத் தெரியும். டிபிஐயை 300 ஆக்கினால் 1920க்கு 1440 பிக்சல் கிடைக்கும், எழுத்துக்கும் கோட்டுக்கும் உள்ள விகிதம் மாறாது.

ஆனால் பலர் மாற்றுவது டிபிஐயை அல்ல, அங்குலத்தை. தெளிவாக வரட்டும் என்று படத்தின் அளவை 20க்கு 15 அங்குலம் என்று வைக்கிறார்கள். திரையில் அது பிரமாதமாகத் தெரியும். ஆய்வேட்டில் ஆறு அங்குலத்துக்குச் சுருக்கும்போது 10 புள்ளி எழுத்து 3 புள்ளியாகிவிடும். வைவாவில் கைடு கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது அந்த 3 புள்ளி எழுத்துக்காகத்தான். சரியான முறை இதற்கு நேர் எதிர்: தாளில் படம் எத்தனை அங்குலத்தில் உட்காரப் போகிறதோ அதே அளவில் நிரலிலும் வரைய வேண்டும். ஐஇஇஇ இதழ்களில் ஒரு பத்தி அகலம் 3.5 அங்குலம், நேச்சர் இதழில் 89 மில்லிமீட்டர், ஏறக்குறைய அதே அளவு. இயல்பான 6.4 அங்குலப் படத்தை அந்தப் பத்திக்குள் நுழைத்தால் 10 புள்ளி எழுத்து ஐந்தரைப் புள்ளியாகச் சுருங்கும். முதலிலேயே 3.5 அங்குலத்தில், 8 புள்ளி எழுத்தில் வரைந்தவருக்குச் சுருக்கும் வேலையே இல்லை. திரையில் அந்தப் படம் சின்னதாக, அழகில்லாமல் தெரியும், தெரியட்டும்.

ஆர் மொழியின் பிஎன்ஜி சாதனம் இந்தக் கணக்கைத் தலைகீழாக வைத்திருக்கிறது. அங்கே அளவு பிக்சலில்: இயல்பாக 480க்கு 480. தெளிவு வேண்டும் என்று தெளிவுத்திறனை மட்டும் 300 ஆக்கினால், 480 பிக்சல் 1.6 அங்குலத் தாளாகச் சுருங்கிவிடும். இயல்பான மேல், கீழ் ஓரங்கள் மட்டுமே அதைவிட அதிகம் கேட்பதால் 'ஓரங்கள் மிகப் பெரியவை' என்று சொல்லிவிட்டு ஆர் வரைய மறுக்கும். அலகை அங்குலம் என்று மாற்றி அகலம், உயரம், தெளிவுத்திறன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் சரியாகும்.

சாளரத்தை இழுப்பதும் அளவை மாற்றும். மாட்பிளாட்லிப்பின் சாளரத்தைத் திரை முழுதும் விரித்துவிட்டுக் கருவிப்பட்டையின் சேமிப்புப் பொத்தானை அழுத்தினால், நிரலில் எழுதிய அங்குலக் கணக்கு போய், விரித்த அளவே கோப்புக்குப் போகும். சுட்டியால் பெரிதாக்கி நகர்த்திய அச்சு எல்லைகளும் சேர்ந்தே போகும். அந்தப் படத்தை மறுவாரம் அதேபோல எடுக்க முடியாது. பொத்தான் ஆராய்வதற்கு நல்லது. ஆய்வேட்டில் போகும் படத்துக்கு நிரல் வரிதான் வேண்டும்.

ஓரம் வெட்டும் தேர்வு பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. சேவ்ஃபிக்கிடம் 'டைட்' என்று சொன்னால் வெற்றிடம் வெட்டப்படும், நீட்டிக்கொண்டிருக்கும் எழுத்து உள்ளே வரும். மிகவும் பயனுள்ளது. ஆனால் கோப்பின் அளவு அங்குலத்தில் எழுதியதாக இருக்காது; உள்ளடக்கத்தைப் பொறுத்து ஒவ்வொரு படமும் வெவ்வேறு அகலத்தில் வரும். பிறகு எல்லாவற்றையும் பத்தி அகலத்துக்கு நீட்டும்போது எழுத்துகள் படத்துக்குப் படம் மாறும். மேட்லேப்பில் 2020 முதல் கிடைக்கும் 'எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸ்' கட்டளையும் இறுக்கமாக வெட்டிச் சேமிப்பது. தெளிவுத்திறன் சொல்லாவிட்டால் 150 டிபிஐ. மாட்பிளாட்லிப்பில் 'கன்ஸ்ட்ரெய்ன்ட் லேஅவுட்' என்பதைப் பயன்படுத்தினால், தாளின் அளவு மாறாமல் உள்ளே இருப்பவை ஒதுங்கி இடம் கொடுக்கும். பல படங்கள் கொண்ட ஆய்வேட்டுக்கு அதுவே உகந்தது.

எந்த வடிவத்தில் சேமிப்பது என்பதில் குழப்பத்துக்கு அவ்வளவு இடமில்லை. கோட்டு வரைபடத்தை ஜேபெக்கில் சேமிக்கவே கூடாது. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவது. நிழற்படத்துக்கு அது பொருந்தும், கூர்மையான கறுப்புக் கோட்டைச் சுற்றி அழுக்கு படிந்ததுபோல் சாம்பல் புள்ளிகளை விட்டுவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும் பிஎன்ஜிக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஆவணமாக அனுப்பினால் தப்பிக்கும். 1996இல் தரநிலையான பிஎன்ஜி, தகவலை இழக்காமல் சுருக்குவது. அதன் தலைப்பகுதியில் ஒரு மீட்டருக்கு இத்தனை பிக்சல் என்ற எண்ணும் இருக்கும், 300 டிபிஐ என்றால் 11,811. சொற்செயலியில் படத்தைச் செருகும்போது முதலில் எந்த அளவில் வந்து உட்கார வேண்டும் என்பதை அந்த எண் சொல்கிறது.

லேடெக்கில் எழுதுபவருக்குப் பிடிஎஃப் போதும்; எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. வேர்டில் எழுதுபவர் அண்மைப் பதிப்பு வைத்திருந்தால் எஸ்விஜியைச் செருகலாம், இல்லாவிட்டால் 300 அல்லது 600 டிபிஐ பிஎன்ஜி. பழைய இதழ்கள் கேட்கும் இபிஎஸ் வடிவத்தில் ஒளிபுகும் நிறங்களுக்கு இடமில்லை. நம்பக இடைவெளியைக் காட்டும் மெல்லிய நீலப் பட்டை, இபிஎஸ்ஸில் அடர்நீலமாகி அடியிலுள்ள கோட்டை முழுதாக மூடிவிடும். மாட்பிளாட்லிப் இதைப் பற்றி எச்சரிக்கை தருகிறது. அதைப் படிப்பவர்கள் குறைவு.

பிடிஎஃப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பத்து லட்சம் புள்ளிகள் கொண்ட சிதறல் படத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கட்டளை எழுதப்படும். கோப்பு பல மெகாபைட் ஆவதோடு, அந்தப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் திரை திணறும். முழுப் படத்தையும் பிஎன்ஜியாக்கிவிடுவது ஒரு வழி. அதைவிட நேர்த்தியானது, புள்ளிக் கூட்டத்தை மட்டும் 'ராஸ்டரைஸ்டு' என்று குறித்துவிடுவது. புள்ளிகள் பிடிஎஃப்புக்குள் ஒரு பிக்சல் படமாக ஒட்டப்படும், அச்சுகளும் எழுத்துகளும் கூர்மை குறையாமல் நிற்கும்.

எழுத்துரு விஷயத்தில் ஒரு சிறு அமைப்பு, இதழுக்குக் கட்டுரை அனுப்புபவருக்கு ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும். மாட்பிளாட்லிப் இயல்பாகப் பிடிஎஃப்பில் 'டைப் 3' வகை எழுத்துருவைப் பதிக்கிறது. சில இதழ்களின், மாநாடுகளின் தானியங்கிச் சோதனை அதை ஏற்காது. எழுத்துரு வகையை 42 என்று மாற்றினால் ட்ரூடைப் பதிக்கப்படும், கோப்பு சோதனையில் தேறிவிடும்.

தமிழில் அச்சுப் பெயர் எழுத விரும்புபவருக்குச் சிக்கல் இன்னும் ஆழமானது. மாட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவான டெஜாவூ சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை. கட்டங்கள் வரும், தமிழுக்கு இயல்பான ஆதரவு இல்லை என்ற எச்சரிக்கையும் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுத்தால் கட்டங்கள் மறையும், வேறு பிழை தலைகாட்டும். யூனிகோடில் 'கை' என்பது ககரத்துக்குப் பின்னால் ஐகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் குறி முன்னால் வர வேண்டும். 'கு' என்பதில் இரண்டு குறியீடுகள் சேர்ந்து ஒரே வடிவம் ஆக வேண்டும். இந்த அடுக்கும் வேலையைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற தனி நூலகம் தேவை. மாட்பிளாட்லிப்பின் எழுத்து வரையும் பகுதி நெடுங்காலம் அது இல்லாமலேயே இருந்தது. அதனால் 'வெப்பநிலை' என்று எழுதினால் கொம்பும் ஐகாரக் குறியும் இடம் மாறி நின்றன.

வழிகள் இருக்கின்றன. எஸ்விஜியாகச் சேமிக்கும்போது எழுத்துகளைக் கோடுகளாக மாற்றாமல் எழுத்தாகவே விடும்படி ஓர் அமைப்பு உண்டு. அந்தக் கோப்பை இன்க்ஸ்கேப்பில் திறந்து பிடிஎஃப் ஆக்கினால் தமிழ் சரியாக அடுக்கப்படும். மாட்பிளாட்லிப்பின் பிஜிஎஃப் பேக்எண்ட் வழியே ஸீலேடெக்கிடம் எழுத்து வேலையை ஒப்படைப்பது இன்னொன்று. க்னுபிளாட்டில் பிஎன்ஜி காய்ரோ, பிடிஎஃப் காய்ரோ டெர்மினல்களைத் தேர்ந்தெடுத்தால் பாங்கோ நூலகம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆரின் சாதாரண பிடிஎஃப் சாதனத்தில் தமிழ்ச் சொல் வரிசையாகப் புள்ளிகளாக விழும். அங்கே 'காய்ரோ பிடிஎஃப்' சாதனத்தைக் கேட்க வேண்டும். தமிழ்வழியில் ஆய்வேடு எழுதுபவர் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே 'கொதிநிலை', 'கௌஸ்', 'ஸ்ரீ' என்ற மூன்று சொற்களை அச்சுப் பெயராகப் போட்டுப் பார்த்துவிடலாம். எங்கே உடையும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

படங்கள் நூற்றுக்கணக்கில் சேமிக்கப்படும்போது நினைவகம் கவனிக்கப்பட வேண்டும். சுழலுக்குள் ஒவ்வொரு முறையும் புதுப் படம் உருவாக்கி, சேமித்து, மூடாமல் விட்டால் எல்லாம் நினைவகத்தில் தங்கிவிடும். மாட்பிளாட்லிப் இருபது படங்களைத் தாண்டியதும் எச்சரிக்கும். முன்பு சொன்ன 20க்கு 15 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் வரைய 6000க்கு 4500 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட் என்று 10.8 கோடி பைட் வேண்டும். சேமித்த கையோடு 'க்ளோஸ்' சொல்வது போதும். கோப்புப் பெயரில் வரிசை எண்ணைப் பூச்சியம் சேர்த்து மூன்று இலக்கமாக வைத்தால் பத்தாம் படம் இரண்டாம் படத்துக்கு முன்னால் போய் நிற்காது. பெயரில் அளவுருவின் மதிப்பையும் சேர்த்துவிடுவது பிற்பாடு தேடுபவருக்கு உதவி. நூறு கோப்புகளுக்குப் பதிலாக நூறு பக்கம் கொண்ட ஒரே பிடிஎஃப்பை எழுதும் வசதி மாட்பிளாட்லிப்பிலும் ஆரிலும் உண்டு. கைடிடம் காட்ட அதுவே வசதி.

திருத்துவதற்காகச் சேமிப்பது தனி விஷயம். பிஎன்ஜியிலிருந்து எண்களைத் திரும்ப எடுக்க முடியாது. மேட்லேப்பில் 'ஃபிக்' கோப்பாகச் சேமித்தால் கோடுகள், அச்சுகள், தரவு எல்லாம் உயிரோடு இருக்கும். மறுநாள் திறந்து தலைப்பை மாற்றலாம். மேட்லேப்பிலும் 'சேவ்ஃபிக்' என்ற பெயரில் கட்டளை இருக்கிறது, அது எழுதுவது இந்த ஃபிக் கோப்பைத்தான், படத்தை அல்ல. பைத்தானிலிருந்து வருபவர் கவனிக்க வேண்டும். திரையில் காட்டாத நிலையில் உருவாக்கிச் சேமித்த ஃபிக் கோப்பு, திறந்தாலும் காட்டாத நிலையிலேயே திறக்கும். கோப்பு காலி என்று அழித்துவிடாமல், 'தெரியும்படி திற' என்று கேட்டால் படம் வந்துவிடும். மாட்பிளாட்லிப் படத்தைப் பைத்தானின் 'பிக்கிள்' முறையில் சேமிக்கலாம், ஆனால் நூலகத்தின் வேறு பதிப்பில் அது திறக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. மூன்று ஆண்டு நீளும் ஆய்வில் பதிப்பு மாறாமல் இருக்காது. தரவுக் கோப்பும் வரையும் ஸ்கிரிப்டும் சேர்ந்து இருந்தால் பிக்கிள் தேவைப்படாது.

ஸ்கிரிப்டுகளையும் படங்களையும் கிட் களஞ்சியத்தில் வைத்திருப்பவர் ஒரு வினோதத்தைக் காண்பார்: எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினாலும் எஸ்விஜியும் பிடிஎஃப்பும் மாறிவிட்டதாக கிட் சொல்லும். உருவாக்கிய நேரம் இரண்டு கோப்புகளிலும் எழுதப்படுகிறது. எஸ்விஜியில் உள்ளுறுப்புகளின் அடையாளப் பெயர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகின்றன. 'சோர்ஸ் டேட் இபாக்' என்ற சூழல் மாறியில் ஒரு நிலையான நேரத்தையும், எஸ்விஜியின் 'ஹாஷ்சால்ட்' அமைப்பில் ஏதேனும் ஒரு நிலையான சொல்லையும் கொடுத்துவிட்டால், அதே கணினியில் அதே பதிப்பில் ஒரே ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் பைட்டுக்குப் பைட் ஒரே கோப்பைத் தரும். அதன்பின் கிட் மாற்றம் காட்டினால் தரவோ நிரலோ மென்பொருள் பதிப்போ மாறியிருக்கிறது என்று பொருள்.